பழைய தளத்தைத் திரும்பக் கட்டுவதும் குறிப்பு எழுதி வைப்பதும்: செட்டிநாட்டிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எழுதுவது ஊர், வீடு, கோவில், சமையல், குடும்பக் கடிதம் ஆகியவற்றைப் பற்றித்தான். பத்து வருஷம் கழித்து அதைப் புதுப்பிக்க உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சிக்கல் வருகிறது. அந்த இடங்களுக்கான பதில்கள் இவை.

பிளாகரில் பழைய வலைப்பூ ஒன்று கிடக்கிறது. புதுத் தளத்துக்கு எங்கிருந்து தொடங்குவது?

டிசைனிலிருந்து தொடங்காதீர்கள். நிறம், எழுத்துரு, லோகோ என்று ஆரம்பித்தவர்களின் வேலை முகப்புப் பக்கத்தோடு நின்றுவிடும்.

முதல் வேலை, அந்தப் பழைய கூகுள் கணக்குக்குள் நுழைந்து பார்ப்பது. 2 வருஷம் யாரும் நுழையாத தனிநபர் கணக்கை அழிக்கும் உரிமையை கூகுள் 2023 டிசம்பர் முதல் வைத்திருக்கிறது. கடவுச்சொல் மறந்து, அதில் கொடுத்த கைப்பேசி எண்ணும் மாறியிருந்தால் மீட்பது கடினம். நுழைய முடிந்தால் அன்றைக்கே மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, பிளாகரின் அமைப்புகளில் பேக்கப் கொடுத்து எக்ஸ்எம்எல் கோப்பை இறக்குங்கள். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கோப்பில் எழுத்து மட்டும்தான் இருக்கும். படங்களுக்குப் பதில் கூகுள் சர்வரைக் காட்டும் லிங்க்தான் இருக்கும். வலைப்பூவை அழித்தபின் அந்த லிங்க்குகளை நம்ப முடியாது. படங்களைத் தனியாக இறக்கி, எந்தப் பதிவுக்கு எந்தப் படம் என்று குறித்து வைக்கும்வரை பழையதை அழிக்காதீர்கள். வேர்ட்பிரஸின் எக்ஸ்போர்ட் கோப்பும் இப்படித்தான். படங்கள் அதற்குள் வராது.

மூன்றாவதாக ஒரு விரிதாள் போடுங்கள். பதிவின் தலைப்பு, தேதி, பழைய முகவரி, படங்களின் எண்ணிக்கை, ‘வைக்கலாம் / திருத்தணும் / வேண்டாம்’ என ஐந்து பத்திகள் போதும். ‘வேண்டாம்’ என்று எழுதக் கை கூச வேண்டியதில்லை. யாரோ அனுப்பியதை அப்படியே போட்ட பதிவுகள், செத்துப்போன யூடியூப் லிங்க்குகள், ‘விரைவில் எழுதுகிறேன்’ வகையறா எல்லாம் புதுத் தளத்துக்கு வரத் தேவையில்லை.

குறிப்புகளை ஒரு இடத்திலும் தளத்தை இன்னொரு இடத்திலும் வைப்பதா, இரண்டும் ஒன்றா?

ஒரே ஃபோல்டருக்குள் இரண்டும் இருப்பது நல்லது. ஆனால் எழுதியதெல்லாம் தளத்துக்குப் போகக் கூடாது. இதற்கு நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த முறையைவிடச் சிறந்த முறையை எந்தச் செயலியும் கண்டுபிடித்துவிடவில்லை. அன்றன்றைய வரவு செலவு நடந்த வரிசைப்படி சிட்டையில் ஏறும். பிறகு உட்கார்ந்து, ஆள்வாரியாகப் பேரேட்டில் பெயர்த்து எழுதுவார்கள். வருஷக் கடைசியில் ஐந்தொகை, அதாவது மொத்த வரவு செலவின் முடிவுக் கணக்கு.

குறிப்புக்கும் அதே முறைதான். ‘சிட்டை’ என்றொரு ஃபோல்டர்; நாளுக்கு ஒரு கோப்பு; கேட்டது, பார்த்தது, படித்தது எதையும் யோசிக்காமல் அதில் கொட்டுங்கள். ‘பேரேடு’ என்று இரண்டாவது; இதில் பொருளுக்கு ஒரு கோப்பு: ‘ஆத்தங்குடிக் கல்’, ‘கண்டாங்கிச் சேலை’, ‘கவுனி அரிசி’, ‘இளையாத்தங்குடிக் கோவில்’ என்று. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் பெயர்த்து எழுதுங்கள். பெயர்த்த வரியின் கடைசியில் சிட்டைக் கோப்பின் தேதியைப் போட்டால் ‘இது யார் சொன்னது, எப்போது’ என்ற கேள்விக்குப் பின்னாளில் பதில் இருக்கும். ‘தளம்’ என்பது மூன்றாவது ஃபோல்டர். பேரேட்டில் நன்றாக நிறைந்த குறிப்பை எடுத்து, வெளியாள் படிக்கும்படி திருத்தி எழுதி இதில் வைப்பது.

குறிப்பு எழுதுவதை விட்டவர்களைக் கேட்டால், சிட்டை எழுதாமல் விட்டதாக யாரும் சொல்வதில்லை. பெயர்த்து எழுதாமல்தான் விட்டிருப்பார்கள். ஆறு மாதச் சிட்டை சேர்ந்துவிட்டால் பழையதை முழுக்கப் பெயர்க்கப் பார்க்காதீர்கள். இந்த வாரத்திலிருந்து தொடங்குங்கள். பழையதைத் தேடும்போது கண்ணில் பட்டதை மட்டும் பெயர்த்துக்கொள்ளலாம்.

எந்தக் குறிப்புச் செயலி நல்லது?

எதுவாக இருந்தாலும், குறிப்புகள் உங்கள் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்புகளாக, மார்க்டவுன் (தலைப்பு, பட்டியல் போன்றவற்றைச் சிறு குறிகளால் காட்டும் எளிய முறை) வடிவில் கிடக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. அப்சிடியன் இப்படி வைக்கிறது. செயலியை நீக்கினாலும் கோப்புகள் இருக்கும்; நோட்பேடிலும் திறக்கும். ஜாப்லின் தன் தரவுத்தளத்துக்குள் வைக்கும். ஆனால் மார்க்டவுனாக எக்ஸ்போர்ட் செய்ய முடியும். கூகுள் கீப் அவசரத்துக்கு நல்லது, சிட்டைக்கு முந்தைய சிட்டை மாதிரி, அதையே கிடங்காக்காதீர்கள்.

பிறர் சர்வரில் மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நிறைய. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, கூகுள் ரீடர் 2013இல், யாஹூ குழுமங்கள் 2020இல். எவர்நோட் மூடப்படவில்லை, ஆனால் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புதான் என்று வரம்பு போட்டது.

கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒத்திசைவு வைத்தால், ஒரே கோப்பை இரண்டிலும் திறந்து வைத்துத் திருத்தாதீர்கள். ‘கான்ஃப்ளிக்ட்’ என்ற பெயரோடு இரண்டாவது பிரதி முளைக்கும். எது புதிது என்று வரி வரியாக ஒப்பிட வேண்டி வரும். சிட்டை கைப்பேசியில், பேரேடு கணினியில் என்று பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம், மூன்று விஷயம் தெரிந்திருந்தால்.

கணினி எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். ‘காரைக்குடி’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அது க, துணைக்கால், ர, ஐகாரக் குறி, க, புள்ளி என்று நீளும் 10 குறியீடு. ஆக 30 பைட். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடு. விண்டோஸ் வேறு கணக்கில் 255 வரை எண்ணுவதால் அங்கே நீளமான பெயரை ஏற்றுக்கொள்ளும். ஆகவே கணினியில் நீளமான பெயரோடு வைத்த கோப்பு கைப்பேசிக்கு மட்டும் வந்து சேராது, காரணமும் சொல்லாது. பெயரை நாலைந்து சொற்களுக்குள் நிறுத்துங்கள்.

அடுத்தது வரிசை. கணினி பல இடங்களில் அகராதி வரிசையில் அடுக்காது. யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அதில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்தே உட்கார்ந்திருக்கிறது, ‘ற’ என்பது ‘ல’வுக்கு முன்னால். அதனால் கானாடுகாத்தான் முதலிலும் காரைக்குடி பின்னாலும் வரும். அகராதிப்படி காரைக்குடிதானே முதலில் வர வேண்டும்? ஃபோல்டருக்குள் இது பெரிய குறையில்லை. தளத்தில் ஊர்ப் பட்டியல் போடும்போது கண்ணை உறுத்தும். அங்கே தமிழுக்குரிய வரிசையாக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் கொலேட்டர் என்ற வரிசையாக்கக் கருவிக்குத் தமிழின் மொழிக் குறியைக் கொடுத்தால் சரியாக அடுக்கும்.

மூன்றாவது, சிட்டைக் கோப்புக்குத் தேதியே பெயர்: 2025-03-14 என்று வருஷம், மாதம், நாள் வரிசையில். 14-03-2025 என்று வைத்தால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும்.

விலாசத்தை (குடும்பத்தின் இனிஷியல் வரிசையை) வைத்துப் பெயரிடுகிறவர்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே இனிஷியல் வரிசை இரண்டு ஊரில் இரண்டு குடும்பத்துக்கு இருக்கலாம். புதிதாய்ப் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

எழுதியது இருக்கிறது, தேடினால் வரவில்லை. ஏன்?

இரண்டு காரணம். முதலாவது இலக்கணம். தேடுபொறி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ‘காரைக்குடி’ என்று தேடினால் ‘காரைக்குடியில்’, ‘காரைக்குடிக்கு’ எல்லாம் வந்துவிடும். வேற்றுமை உருபு பின்னால்தான் ஒட்டியிருக்கிறது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வராது, ‘வீடு’ என்றால் ‘வீட்டுக்கு’ வராது. கடைசி எழுத்தையோ அதன் உயிர்க்குறியையோ குறைத்து ‘மர’, ‘வீட’ என்று தேடுங்கள். வேண்டாததும் கொஞ்சம் வரும், வேண்டியது விட்டுப்போகாது. இன்னும் சுத்தமான வழி, ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் ‘சொற்கள்:’ என்று ஒரு வரி எழுதி அதில் உருபு ஏறாத வடிவில் நாலைந்து சொல் போட்டு வைப்பது.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. ‘கோ’ என்பதை ஒரே குறியாகவும் பதியலாம். இரட்டைச் சுழி, துணைக்கால் என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் வித்தியாசமே இருக்காது. சில செயலிகள் இரண்டையும் ஒன்றென்று கொள்ளும், சில கொள்ளாது. எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட்டின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டால் இது தீரும். பைத்தானில் அதற்கான வசதி கூடவே வருகிறது. ஆனால் ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்திருந்தால் எந்த மாற்றியும் திருத்தாது, ‘ஒளவையார்’ என்று தேடிக் கைப்பட மாற்ற வேண்டும். ‘ஸ்ரீ’ எழுத்தும் அப்படித்தான், இரண்டு விதமாகப் பதிவாகும். ‘ஸ்ரீமுக வருஷம்’ தேடிக் கிடைக்கவில்லையென்றால் ‘முக’ என்று தேடிப் பாருங்கள்.

கோவில் மலருக்காக அச்சகத்தில் அடித்த பழைய கோப்பு இருக்கிறது. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

அது கெட்டுப்போகவில்லை. வானவில், பாமினி, டாம், டாப் என்று அந்தக் காலத்து எழுத்துருவுக்கேற்ற குறியாக்கத்தில் அடித்திருப்பார்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் கொடுத்து யூனிகோட் ஆக்கலாம். தெரியாவிட்டால் ஒரு பத்தியை மட்டும் வெட்டி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். சரியானது வந்ததும் தெரிந்துவிடும். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழம்பும். மாற்றும் முன் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மாற்றியபின் மூலக் கோப்பைத் தூக்கி எறிய வேண்டாம்.

பர்மாக் கடிதங்களும் பழைய கணக்கு நோட்டுகளும் பெட்டி நிறைய இருக்கின்றன. தேதியை எப்படிக் குறிப்பது?

எழுதியிருக்கிறபடி ஒன்று, ஆங்கிலத் தேதி ஒன்று, அது உறுதியா ஊகமா என்று ஒன்று. மூன்றும் தனித்தனி வரியாக.

‘ஸ்ரீமுக வருஷம் தை மாதம் 12ந் தேதி’ என்று ஒரு கடிதம் இருப்பதாக வையுங்கள். வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1987இல் பிறந்தது பிரபவ. அதிலிருந்து எண்ணினால் ஸ்ரீமுக ஏழாவது, 1993. அதற்கு முந்தையவை 1933, 1873. எது என்பதைக் கடிதத்தைச் சுற்றியிருப்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் 1933 சுற்றுதான். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: ஸ்ரீமுக 1933 சித்திரையில் பிறந்தாலும் அதன் தை மாதம் 1934 ஜனவரியில்தான் வரும். ஆகவே அந்தக் கடிதம் 1934 ஜனவரி கடைசி வாரத்தது. மார்கழிப் பாதி முதல் பங்குனி வரை எந்தத் தேதி வந்தாலும் வருஷத்தோடு ஒன்று கூட்டுங்கள்.

ரங்கூனிலிருந்தோ மோல்மேனிலிருந்தோ வந்த உறையில் இன்னொரு சாட்சியும் உண்டு. 1937 ஏப்ரல் 1இல்தான் பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதுவரை அங்கேயும் இந்தியத் தபால்தலைதான். பர்மா என்று மேலே அச்சடித்த தலையோ பர்மாவின் தனித் தலையோ ஒட்டியிருந்தால் கடிதம் அதற்குப் பிந்தையது. எனவே ஸ்டாம்பைக் கிழித்தெடுத்துத் தனியாகச் சேர்க்கிறவர்களிடமிருந்து உறையைக் காப்பாற்றுங்கள். உறையின் இரு பக்கத்தையும் படம் எடுங்கள்.

கணக்கு நோட்டில் வரும் ௹ (ரூபாய்), ௵ (வருஷம்), ௴ (மாதம்), ௳ (நாள்), பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ‘மேற்படி’க்கு ௸ எல்லாம் யூனிகோட்டில் இருக்கின்றன. இருந்தாலும் பக்கத்திலேயே சொல்லாகவும் எழுதுங்கள். தேடுகிறவர் யாரும் ௵ என்று அடித்துத் தேட மாட்டார். மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோட்டில் சேர்ந்தன. பல கைப்பேசிகளில் அவை வெறும் கட்டமாகத் தெரியும். அவற்றைப் படமாகவே விட்டு, அருகில் ‘ஒரு மா, 1/20’ என்று எழுதிவிடுவது மேல்.

திருமண அழைப்பிதழ், கடை நோட்டீஸ், நாடக விளம்பரம் இவற்றையும் குப்பையென்று ஒதுக்காதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடு இப்படிப்பட்ட துண்டுக் காகிதங்களையும் சேர்த்து வைத்தார். 1994இல் சென்னையில் அந்தச் சேகரிப்பைக் கொண்டு தொடங்கிய ஆய்வு நூலகத்துக்கு அவையும் சேர்ந்துதான் மதிப்பு.

இவற்றை ஸ்கேன் செய்து தானாக எழுத்தாக்க முடியாதா?

அச்சடித்தது என்றால் முடியும். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழைப் படித்துக் கொடுக்கும். இணையமில்லாமல் வேண்டுமென்றால் டெசராக்ட் என்ற நிரல், தமிழ்த் தரவுக் கோப்போடு. துணைக்காலை ‘ர’ என்றும் ‘ர’வைத் துணைக்கால் என்றும் மாற்றிப் படிப்பது வழக்கமான பிழை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணா, றா, னா, லை, ளை, ணை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். அங்கே பிழை கூடும்.

கையெழுத்துக்கு நம்பாதீர்கள். படத்தைப் பார்த்துக் குரல்வழித் தட்டச்சில் வாசித்துவிட்டுத் திருத்துவதே வேகம். அப்பச்சி, ஆயா, அப்பத்தா போன்ற முறைப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் வேறு சொல்லாக விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் மறுபடி பாருங்கள்.

படம் எடுப்பதற்கு முற்பகல் வெளிச்சத்தில் வளவின் (வீட்டின் உள்முற்றத்தின்) நிழலான ஓரம் போதும். ஃபிளாஷ் வேண்டாம். ஓலைச்சுவடியை ஸ்கேனரில் வைத்து மூடி அழுத்தாதீர்கள், ஒடியும்.

வேர்ட்பிரஸா, ஸ்டாட்டிக் தளமா?

வாரம் மூன்று பதிவு போடுவீர்கள், இரண்டு மூன்று பேர் எழுதுவார்கள் என்றால் வேர்ட்பிரஸ். மாதம் ஒன்றோ இரண்டோ என்றால் ஸ்டாட்டிக் தளம்தான் எங்கள் பரிந்துரை. வேர்ட்பிரஸை இரண்டு வருஷம் புதுப்பிக்காமல் விட்டால் ஏதாவது ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்கான துணைநிரல்) வழியாக ஆள் நுழைந்து மருந்து விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவான். ஸ்டாட்டிக் தளத்தில் உடைக்க எதுவும் இல்லை. வெறும் ஹெச்டிஎம்எல் கோப்புகள்.

ஹ்யூகோ அல்லது எலவென்டி இரண்டில் ஒன்றை எடுங்கள். ‘தளம்’ ஃபோல்டரில் உள்ள மார்க்டவுன் கோப்புகளை அது பக்கங்களாக மாற்றும். அதை கிட்ஹப் பேஜஸிலோ கிளவுட்ஃபிளேர் பேஜஸிலோ இலவசமாக வைக்கலாம். முன்னதில் தளம் மொத்தம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும்; பின்னதில் 20,000 கோப்பு வரை, ஒரு கோப்பு 25 எம்பிக்குள். ஆச்சி பேசிய ஒலிப்பதிவைப் போட நினைப்பவர்களுக்கு: பேச்சுக்கு மோனோவில் 64 கேபிபிஎஸ் தாராளம், ஒரு மணி நேரம் 29 எம்பி வரும். இரண்டாக வெட்டினால் வரம்புக்குள் அடங்கும்.

ஹ்யூகோ தீம் ஒன்றை இறக்கினால் அதன் வடிவத்தையும் உங்கள் ஃபோல்டரிலேயே பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். ஹ்யூகோவைப் புதுப்பித்தபின் பழைய தீம் ஓடாமல் போவதுண்டு. ஓடுகிற பதிப்பின் எண்ணையும் ஒரு கோப்பில் குறித்து வையுங்கள்.

பழைய முகவரிகளை என்ன செய்வது?

காப்பாற்றுங்கள். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்த லிங்க், விக்கிப்பீடியாவில் யாரோ சான்றாகக் கொடுத்த லிங்க், எல்லாமே பழைய முகவரிக்குத்தான் வரும்.

பிளாகர், தமிழ்த் தலைப்புக்கு ‘பிளாக்-போஸ்ட்’ என்று ஒரு பெயரும் பின்னால் ஓர் எண்ணும் போட்டுவிடும். எது எந்தப் பதிவு என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் முதலிலேயே விரிதாள். வேர்ட்பிரஸ் தமிழிலேயே முகவரி வைக்கும். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸின் வரம்பு 200. எனவே 22 குறியீட்டோடு வெட்டிவிடும். ‘கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பு’ என்று தலைப்புக் கொடுத்தால் முகவரி ‘கானாடுகாத்தான்-வீடுகளின’ என்று புள்ளிகூட இல்லாமல் முடியும். நீங்களாகத் தலைப்பைப் பார்த்துப் பழைய முகவரியை ஊகித்து எழுதினால் பொருந்தாது. எக்ஸ்போர்ட் கோப்பிலிருந்து அப்படியே எடுக்க வேண்டும்.

புது முகவரிகளை ஆங்கில எழுத்தில், மூன்று சொல்லுக்குள் வையுங்கள். தமிழ்ப் பற்றுக்கு இதில் குறைவு ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு முழம் நீளத்துக்கு விழுக்காட்டுக் குறியாக விழாது. தலைப்பிலிருந்து தானாக முகவரி செய்யும் சில நிரல்கள் தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் உதிர்த்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

கிளவுட்ஃபிளேர் பேஜஸில் திசைதிருப்பலுக்கென்று ஒரு கோப்பு உண்டு. வரிக்கு ஒன்றாகப் பழைய முகவரி, புது முகவரி, நிரந்தரமாக மாறியது என்று காட்டும் 301 என்ற எண். 2,000 வரி வரை ஏற்கும். கிட்ஹப் பேஜஸில் இந்த வசதி கிடையாது. ஹ்யூகோவின் ‘ஏலியாஸ்’ மூலம் பழைய முகவரியில் ஒரு சிறு பக்கம் வைத்து அங்கிருந்து தாவச் செய்யலாம். பிளாகரின் இலவச முகவரியிலேயே இருந்தவர்களுக்கு இரண்டும் உதவாது. பழைய வலைப்பூவை அழிக்காமல், ஒவ்வொரு பதிவின் தலையிலும் புதுப் பக்கத்துக்கு ஒரு லிங்க் போட்டுவிடுவதே வழி.

எழுத்துரு, வரி இடைவெளி?

நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர். எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7. ஆங்கிலத் தீம்கள் 1.4 என்று வைத்திருக்கும். ‘கூ’வின் வாலும் கீழ் வரி ‘கி’யின் கொக்கியும் மோதும். எழுத்திடை வெளியைப் பூஜ்யமாக விடுங்கள், இல்லையென்றால் துணைக்கால் தனியே விலகி நிற்கும். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டாது. கைப்பேசியில் நீண்ட தலைப்புச் சொற்கள் திரைக்கு வெளியே வழியும். சிஎஸ்எஸில் ஓவர்ஃப்ளோ-ராப் கட்டளை கொடுத்து மடிக்க வையுங்கள். பக்கத்தின் மொழிக் குறியைத் தமிழ் என்று மாற்றவும் மறக்காதீர்கள். ஆங்கிலம் என்று இருந்தால் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழைத் தவறான குரலில் வாசிக்கப் பார்க்கும்.

வீட்டுப் படங்களைப் போடலாமா?

போடலாம், ஆனால் யோசித்து. நம் பக்கத்தில் பல வீடுகள் கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), திருவிழா தவிர வருஷம் முழுக்கப் பூட்டியே கிடப்பவை. தேக்குத் தூண், செதுக்கிய நிலை, பெல்ஜியம் கண்ணாடி இவற்றுக்குச் சந்தையில் விலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கலாம். அதை நீக்காமல் ஏற்றினால், பூட்டிய வீட்டுக்கு வழிகாட்டி வைத்த மாதிரிதான். எக்ஸிஃப்டூல் என்ற நிரல் ஒரே கட்டளையில் எல்லாப் படத்திலிருந்தும் நீக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், தரமும் குறையும். டாக்குமென்ட் என்று அனுப்பினால் விவரம் அப்படியே கூடவே போகும். தலைப்பில் ஊரும் வீட்டின் பகுதியும் மட்டும் போதும்: ‘பள்ளத்தூர், இரண்டாங்கட்டு, 2024’. தெருப் பெயர் வேண்டாம். சாவி யாரிடம் இருக்கிறது, ஊருக்கு எப்போது வருவோம் என்பதெல்லாம் எழுதவே கூடாதவை.

மனிதர்களைப் பற்றியும் ஒரு விதி: உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, ஜாதகம், கைப்பேசி எண் எதுவும் தளத்துக்குப் போகக் கூடாது. பேரேட்டோடு நிற்கட்டும்.

அளவு: அகலம் 1600 பிக்சல், வெப்பி வடிவம், தரம் 75 முதல் 80. 4 எம்பி படம் பெரும்பாலும் 300 கேபி சுற்றுக்கு இறங்கிவிடும். மூலப் படம் பேக்கப்பில் இருக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல் தரையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். வளவுக்கு நேராக நின்று எடுத்தால் வானம்தான் தரையில் தெரியும். வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் நின்று, தரையின் பிரகாசமான இடத்தைத் திரையில் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். நிறம் சரியாக வரும்.

தமிழிலேயே டொமைன் வாங்கலாமா?

‘.இந்தியா’ முடிவோடு தமிழ்ப் பெயர் வாங்க முடியும். இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளுங்கள். முதன்மையாக வேண்டாம், பல படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் இன்னும் அதை ஏற்பதில்லை.

பேக்கப் எத்தனை?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். வெளியூருக்கு நமக்குப் பஞ்சமில்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வெளிவட்டு கொடுத்து வையுங்கள், ஊருக்கு வரும்போதெல்லாம் மாற்றிக் கொடுங்கள். பென்டிரைவைப் பெட்டகத்தில் வைத்து மறந்துவிட்டால் சில வருஷத்தில் படிக்க முடியாமல் போகலாம்; மின்சாரம் ஏறாமல் நெடுநாள் கிடக்கும் சாதனத்தை ஒரே பிரதியாக நம்பக் கூடாது. ஒத்திசைவை பேக்கப் என்று எண்ணுவதும் தவறு: கைப்பேசியில் தவறி அழித்தால் கணினியிலும் அழியும். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர் யூபிஎஸ் இல்லாமல் பெரிய பிரதி வேலையைத் தொடங்க வேண்டாம்.

வருஷம் ஒருமுறை, வேறு கணினி ஒன்றில் பேக்கப்பிலிருந்து தளத்தை முழுக்கக் கட்டிப் பாருங்கள். அப்போதுதான் எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் விட்டுப்போவது எழுத்துருக் கோப்பும் திசைதிருப்பல் கோப்பும்தான்.

எனக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது?

ஏ4 தாள் ஒன்றில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்: டொமைன் எங்கே வாங்கியது, எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், எந்த மின்னஞ்சலில் அறிவிப்பு வரும், ஹோஸ்டிங் எங்கே, ஃபோல்டர் எந்த வட்டில். கடவுச்சொல்லைத் தாளில் எழுதாமல் கடவுச்சொல் நிர்வாகியில் வைத்து, அதன் அவசர அணுகலை ஒருவருக்குக் கொடுக்கலாம். கூகுள் கணக்கில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்று ஒன்று உண்டு. 3, 6, 12 அல்லது 18 மாதம் நீங்கள் நுழையாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று அதில் 10 பேர் வரை குறிக்கலாம்.

டொமைனை 10 வருஷத்துக்குச் சேர்த்தே கட்டிவிடலாம். கட்டாமல் காலாவதியானால் உடனே போய்விடாது, ‘.காம்’ போன்றவற்றில் பதிவாளர் நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அப்போது கட்டணம் பல மடங்கு. அறிவிப்பு போகும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தால், அது நின்றதும் அறிவிப்பும் நின்றுவிடும். அதற்கு வேறொரு மின்னஞ்சலைக் கொடுங்கள்.